கையைக் காக்கும் ஒளித்திரை

மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கையே மூலதனம். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் நம்மவர், பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கும் நேர்த்தியை நாம் அறிவோம். பால் ஊறும் ஆழத்திற்குக் கத்தி செல்ல வேண்டும். ஆனால் மரத்தில் காயம் படலாகாது. அந்த நுட்பம் கண்ணில் பாதி, விரலில் பாதி. அவ்விரல்களுள் ஒன்று போய்விட்டால் பல்லாண்டுப் பழக்கமும் அதனுடன் போய்விடுகின்றது.

தோட்டத்துப் பெரியவர்களுள் விரல் குறைந்த கையினரை நம்மில் பலர் கண்டிருப்போம். விசாரித்தால், "ஸ்டோரில் ரோலர் பிடித்துக்கொண்டது" என்பார்கள். அதற்குமேல் அவர்களும் சொல்லமாட்டார்கள்; நாமும் கேட்கமாட்டோம். அது விதி என்றே அக்காலத்தில் எண்ணப்பட்டது. ஆனால் அது விதியன்று; கைக்கும் உருளைக்கும் இடையே ஒரு தடுப்பு இல்லாமற்போனதன் விளைவே ஆகும்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களிற் பெரும்பகுதியில் இப்பொழுது செம்பனை நிற்கின்றது. நம் பிள்ளைகளுள் பலர் பாசிர் கூடாங், செனாய், தெப்ராவ் முதலிய தொழிற்பேட்டைகளுக்கும், மூவாரின் மரத்தளவாடத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரங்களும், பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரங்களும், கட்டைகளை அறுக்கும் இயந்திரங்களும் இயங்குகின்றன. ரப்பரைச் சிப்பமாக அழுத்தும் இயந்திரம் நம் தொழிலிலேயே உண்டு. இவற்றுட் சிலவற்றின் முன்னே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு திரை தொங்குவதை நம் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லக் கேட்டிருப்போம். அதுவே பாதுகாப்பு ஒளித்திரை. அது எவ்வாறு வேலை செய்கின்றது, எப்படிப் பொருத்தப்பட வேண்டும், எதற்காக அதனை நேர்செய்ய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

ஒளித்திரை என்பது யாது?

இயந்திரத்தின் வாய்க்கு இருபுறமும் இரண்டு தூண்கள் நிற்கும். ஒரு தூணின் முகத்தில் வரிசையாகச் சிறு விளக்குகள் பதிக்கப்பட்டிருக்கும். இதனை ஒளியனுப்பி எனலாம். எதிர்த்தூணின் முகத்தில் அதே எண்ணிக்கையில் ஒளியை உணரும் கண்கள் இருக்கும், இது ஒளியேற்பி. ஒளியனுப்பி விடுக்கும் ஒளி அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எதிரேயுள்ள கண்ணுக்கு ஒரு கதிர் செல்கின்றது. இவ்வாறு பல கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இழை தெரியாத ஒரு திரையாக அமைகின்றன.

தொழிலாளியின் கை அத்திரையைக் கடந்தால் ஒன்றோ பலவோ கதிர்கள் தடைபடும். தடைபட்டதை ஒளியேற்பி அக்கணமே உணர்ந்து, இயந்திரத்திற்குச் செல்லும் இயக்க ஆணையைத் துண்டிக்கும். இயந்திரம் நின்றுவிடும்.

பகலொளியோ பற்றவைக்கும் தீப்பொறியோ இதனை ஏமாற்றாதா என்ற ஐயம் எழுதல் இயல்பே. விளக்குகள் எல்லாம் ஒருங்கே எரிவதில்லை. மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வினாடியின் மிகச்சிறு கூறுக்குள் அவை மின்னி அணைகின்றன. எந்த நேரத்தில் எந்தக் கதிர் வரவேண்டும் என்பதை ஒளியேற்பி அறிந்திருக்கின்றது. பிரட்டில் பெயர் வாசிக்கும்போது தத்தம் பெயருக்கு மட்டும் குரல் கொடுப்பதைப் போன்றது இது. முறை தவறி வரும் ஒளியை அது கணக்கில் கொள்வதில்லை.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த எர்வின் சிக் என்னும் பொறிவல்லுநர் 1952 ஆம் ஆண்டில் விபத்துத் தடுப்பு ஒளித்திரையை அறிமுகப்படுத்தினார். அதற்குமுன் அழுத்து இயந்திரங்களுக்குக் கம்பிவலைக் கதவே பெரும்பாலும் காவலாக இருந்தது. பொருளை வைக்கவும் எடுக்கவும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூட வேண்டியிருந்தமையால் வேலை தாமதப்பட்டது. ஒளித்திரையோ கைக்கு வழிவிடுகின்றது, இயந்திரத்திற்கு வழிவிடுவதில்லை. இன்று இதன் அமைப்பை ஐ.இ.சி. 61496 என்ற அனைத்துலகத் தரவிதியும், இதனை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 13855 என்ற தரவிதியும் வரையறுக்கின்றன.

எல்லா இயந்திரத்திற்கும் ஏற்றதன்று

ஒளித்திரையைப் பற்றி அறியவேண்டிய முதற்செய்தி, அது எங்கே பயன்படாது என்பதே. ஆணை துண்டிக்கப்பட்டவுடன் நிற்கக்கூடிய இயந்திரத்திற்கு மட்டுமே அது காவலாகும்.

ரப்பர்த் தொழிற்சாலையில் கட்டிப்பாலை நொறுக்கும் சுத்தியல் ஆலையைக் கருதுவோம். மின்சாரம் நின்ற பின்னும் அதன் பாரமான சுழலி தன் வேகத்தினாலேயே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய இயந்திரத்தின் முன் ஒளித்திரையை வைப்பதால் பயனில்லை. சுழலி முற்றிலும் நிற்கும்வரை திறக்கவியலாத பூட்டுடைய மூடியே அதற்கு ஏற்றது. ஒருமுறை இறங்கத் தொடங்கினால் முழுச் சுற்றும் முடியாமல் நிற்காத பழைய வகை அழுத்து இயந்திரங்களுக்கும் இதே நிலைமைதான்.

கிரேப் உருளைகளின் நிலை வேறு. அங்கே தொழிலாளி ரப்பரைத் தன் கையாலேயே உருளைகளுக்கு ஊட்டுகின்றார். உருளைகளின் வாய்க்குக் கை எட்டாதபடி அமைந்த நிலையான தடுப்பும், உடல் சாய்ந்து பட்டாலே இயந்திரத்தை நிறுத்தும் தண்டும், விரைந்து பிடிக்கும் தடையும் அங்கு இன்றியமையாதவை. மேலும், இயந்திரத்திலிருந்து தெறித்து வரும் துண்டையோ, வெந்நீரையோ, எண்ணெயையோ ஒளித்திரை தடுக்காது. ஒளி கையைக் காணுமேயன்றிக் கல்லை மறிக்காது.

நீரழுத்தத்தால் ரப்பரைச் சிப்பமாக்கும் இயந்திரம், தகடு வெட்டும் இயந்திரம், பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் போன்று, கை அடிக்கடி உள்ளே செல்ல வேண்டியதும், ஆணை துண்டிக்கப்பட்டால் உடனே நிற்கக்கூடியதுமான இயந்திரங்களுக்கே ஒளித்திரை மிகப் பொருந்தும்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது?

பலர் ஒளித்திரையை இயந்திரத்தின் வாயை ஒட்டியே பொருத்திவிடலாம் என்று கருதுகின்றனர். இது பெருந்தவறாகும். கை திரையைக் கடந்த கணத்திற்கும் இயந்திரம் முற்றிலும் நிற்கும் கணத்திற்கும் இடையே சிறிது நேரம் செல்கின்றது. ஒளியேற்பி உணர ஒரு நேரம். ஆணையைத் துண்டிக்க ஒரு நேரம். ஓடும் பாகம் தடைபட்டு நிற்க ஒரு நேரம். இம்மூன்றும் சேர்ந்த நேரத்திற்குள் கை எவ்வளவு தூரம் பாயுமோ, அவ்வளவு தூரமாவது திரைக்கும் ஆபத்தான இடத்திற்கும் இடையே இருத்தல் வேண்டும்.

மனிதனின் கை ஒரு வினாடிக்கு 2,000 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மீட்டர் வேகத்தில் பாயும் என்று தரவிதி கணக்கிடுகின்றது. ஓர் இயந்திரம் நிற்பதற்கான மொத்த நேரம் 0.2 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 2,000ஐ 0.2 ஆல் பெருக்கினால் 400 வரும். ஆகவே திரை, ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 400 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவு.

இக்கணக்கு விரலையும் கண்டுகொள்ளும் நெருக்கமான திரைக்குரியது. 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள பொருளைக் கண்டுகொள்ளும் திரை விரலுக்கும், 30 மில்லிமீட்டர் தடிப்புள்ளதைக் கண்டுகொள்ளும் திரை உள்ளங்கைக்கும் காவலாகும். கதிர்கள் அகன்று நிற்கும் திரையில், விரல்கள் சிறிது உள்ளே நுழைந்த பின்னரே கை அறியப்படும். ஆதலின் அதற்குக் கூடுதல் தூரம் சேர்க்கப்படுகின்றது. 30 மில்லிமீட்டர் திரைக்கு அக்கூடுதல் 128 மில்லிமீட்டராகும்.

இனி, அதே இயந்திரத்தின் தடை நாளடைவில் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.3 வினாடியாகிவிட்டது என்று கொள்வோம். பழைய முறைப்படி பெருக்கினால் 600 மில்லிமீட்டர் வரும். கணக்கு 500ஐத் தாண்டும்போது, கையின் வேகத்தை வினாடிக்கு 1,600 மில்லிமீட்டராகக் கொண்டு மீண்டும் கணக்கிடலாம். ஆயினும் 500க்குக் குறையலாகாது என்று தரவிதி கூறுகின்றது. அவ்வாறு கணக்கிட்டால் 480 வருகின்றது. எனவே 500 மில்லிமீட்டர் வேண்டும். திரையோ முன்போலவே 400 மில்லிமீட்டரில் நிற்கின்றது. விளக்கு பச்சையாகவே எரிகின்றது; திரை ஒழுங்காகவே வேலை செய்கின்றது; ஆயினும் தொழிலாளியின் கை காக்கப்படவில்லை. இதனாலேயே இயந்திரம் நிற்கும் நேரத்தைக் குறித்த காலந்தோறும் அதற்குரிய கருவியால் அளந்து பார்க்க வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துகின்றனர்.

திரையைச் சுற்றிவரும் வழிகளையும் அடைத்தல் வேண்டும். முன்பக்கம் திரையிருக்க, பக்கவாட்டிலும் மேலும் கீழும் கை நுழையுமாயின் அக்காவல் முழுமையற்றது. அப்பக்கங்களுக்குக் கருவியின்றிக் கழற்றமுடியாத இரும்புத் தடுப்புகள் அமைக்கப்பட வேண்டும். திரைக்கும் இயந்திரத்திற்கும் இடையே ஓர் ஆள் நிற்குமளவு இடமிருந்தால் அதனையும் அடைக்க வேண்டும். இல்லையேல், உள்ளே ஒருவர் நிற்க, வெளியே உள்ளவர் இயந்திரத்தை முடுக்கிவிட நேரும். மீண்டும் இயக்கும் பொத்தான், உள்ளிருந்து எட்டாத இடத்திலும், ஆபத்தான பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் இருத்தல் வேண்டும். கையை எடுத்தவுடன் தானாகவே இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கும் அமைப்பு இத்தகைய இடங்களுக்கு ஏற்றதன்று.

நேர்செய்தல் எப்படி?

ரப்பர்க் கன்று நடும்போது நிரை பிடிப்பதை நாம் அறிவோம். முதல் மரத்தின் பின்னே நின்று நோக்கினால், அந்நிரையின் ஏனைய மரங்கள் யாவும் அதன் மறைவில் அடங்க வேண்டும். ஒன்று விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஒளித்திரையின் இரு தூண்களையும் நேர்செய்வது ஏறக்குறைய இதே வேலைதான்.

தூண்கள் மூவகையில் நேர்தவறக்கூடும். ஒன்று, உயரத்தில்: ஒரு தூண் மேலேறியும் மற்றது கீழிறங்கியும் இருத்தல். இரண்டு, சாய்வில்: இரண்டுள் ஒன்று முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ சாய்ந்திருத்தல். மூன்று, முகத்தில்: ஒரு தூண் தன் அச்சிலேயே திரும்பி, எதிர்த்தூணை நேராக நோக்காமல் வேறுபக்கம் பார்த்திருத்தல்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தின் மின்சாரத்தை முதன்மை விசையில் நிறுத்திப் பூட்டி, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். இரு தூண்களின் கம்பிமுனைகளும் ஒரே பக்கமாக, இரண்டும் கீழாகவோ இரண்டும் மேலாகவோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று தலைகீழாக நின்றால் கதிர்களின் வரிசை மாறித் திரை வேலை செய்யாது. பின்னர், தரையிலிருந்து இரு தூண்களின் உயரத்தையும் அளந்து சமப்படுத்த வேண்டும். ரசமட்டத்தை முகத்திலும் பக்கத்திலும் வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தூக்குக்குண்டு இருப்பின் அதனையும் பயன்படுத்தலாம்.

இதன்பின் திரைக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கப்படும். ஒளியேற்பியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏதோ ஒரு கதிர் வந்து சேரவில்லை என்பது பொருள். பச்சை எரிந்தால் எல்லாக் கதிர்களும் வந்து சேர்கின்றன. ஒளியேற்பியை அசையாமல் வைத்து, ஒளியனுப்பியை மெல்ல இடப்புறம் திருப்பிக்கொண்டே போனால், ஓரிடத்தில் பச்சை மறைந்து சிவப்பு தோன்றும். அவ்விடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வலப்புறம் திருப்பி, அங்கே பச்சை மறையும் இடத்தையும் குறிக்க வேண்டும். இவ்விரண்டு குறிகளுக்கும் நடுவே தூணை நிறுத்தித் திருகுகளை முடுக்க வேண்டும். ஒளியேற்பிக்கும் இவ்வாறே செய்தல் வேண்டும். முடுக்கும்போது தூண் சற்றே திரும்பிவிடக்கூடுமாதலின், முடுக்கிய பின்னர் மீண்டும் பார்த்தல் நன்று.

பச்சை எரிந்தவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோரும் உளர். இங்கேதான் பெருங்கேடு விதைக்கப்படுகின்றது. விளிம்பிலே நிறுத்தப்பட்ட தூண் காலையில் பச்சை காட்டும். இயந்திரத்தின் அதிர்வால் பிற்பகலில் சிவப்பாகும். காரணமின்றி இயந்திரம் நிற்கும். ஒருமுறை, இருமுறை, பத்துமுறை நிற்கும். அன்றைய கணக்குக் குறையும். மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். கூடுதல் உற்பத்திக்கான படி கைநழுவும். அப்பொழுது யாராவது ஒருவர், "இந்தத் தொல்லையைச் சற்று எடுத்துவிடுவோமே" என்பார். ஒரு குறுக்குக் கம்பி இணைக்கப்படும். இயந்திரம் தடையின்றி ஓடும். எல்லோரும் மகிழ்வர். கையை இழக்கும் நாள்வரை அம்மகிழ்ச்சி நீடிக்கும்.

நேர்செய்தல் என்பது வெறும் பழுதுபார்ப்பவரின் வேலையன்று என்று நாம் கூறுவது இதனாலேயே. நன்கு நேர்செய்யப்பட்ட திரை தொழிலாளிக்குத் தோழனாகும். அரைகுறையாக நேர்செய்யப்பட்டது தொல்லையாகும். தொல்லை தருவதை மனிதர் அகற்றிவிடவே முனைவர்.

பளபளப்பு என்னும் பகை

நேர்தவறிய திரை பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்துகின்றது. அதனால் வேலை கெடுமேயன்றிக் கை கெடாது. ஆனால் மற்றொரு வகைப் பிழை இதற்கு நேர்மாறானது. கதிர் செல்லும் வழிக்கு அருகே மெருகிட்ட தகடோ, நீர் நிற்கும் பளபளப்பான பரப்போ இருக்குமாயின், கை கதிரை மறைத்தபோதும் ஒளி அப்பரப்பில் பட்டுத் திரும்பிச் சுற்றுவழியாக ஒளியேற்பியை அடைந்துவிடலாம். கையைத் திரை காணாது, இயந்திரம் நிற்காது.

இதனைத் தவிர்ப்பதற்காக உயர்ந்த தரமான நான்காம் வகைத் திரைகளில் ஒளி பரவும் கோணம் நடுக்கோட்டிலிருந்து 2.5 பாகைக்குள் அடக்கப்பட்டிருக்கின்றது. தூண்களுக்கு இடையே மூன்று மீட்டர் வரை தூரமிருந்தால், பளபளப்பான பரப்பு கதிர்வழியிலிருந்து குறைந்தது 131 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். தூண்களின் இடைத்தூரம் கூடக்கூட இவ்விலகலும் கூட வேண்டும். அருகிலுள்ள தகட்டுக்கு ஒளி திருப்பாத கறுப்பு வண்ணம் பூசுவதும் உதவும். இரண்டு இயந்திரங்கள் அருகருகே இருப்பின், ஒன்றன் ஒளி மற்றதன் கண்ணில் படாதவாறு ஒளியனுப்பிகளை எதிரெதிர்த் திசையில் நிறுத்துவதும் உண்டு.

சோதனைக் கோல்

திரை உண்மையாகவே காக்கின்றதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு திரைக்கும் உரிய தடிப்பில் ஒரு சோதனைக் கோல் இருக்கும். 14 மில்லிமீட்டர் திரைக்கு 14 மில்லிமீட்டர் கோல். 30 மில்லிமீட்டர் திரைக்கு 30 மில்லிமீட்டர் கோல். இயந்திரத்தின் ஆபத்தான இயக்கம் நின்றிருக்கும்போது, இக்கோலைத் திரையின் நடுவே மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்த வேண்டும். பின் ஒளியனுப்பியின் அருகிலும், அடுத்து ஒளியேற்பியின் அருகிலும் அவ்வாறே நகர்த்த வேண்டும். கோல் திரைக்குள் இருக்கும்வரை சிவப்பு விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும். இடையில் ஒரு கணம் பச்சை மின்னினாலும் அத்திரையை நம்பலாகாது. இதன்பின் இயந்திரத்தை ஓடவிட்டு, ஓடும்போது கோலை நுழைத்தால் இயந்திரம் உடனே நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். கையைக் கொண்டு சோதிப்பது ஒருக்காலும் கூடாது.

இச்சோதனைக்குச் சில நிமிடங்களே செல்லும். வேலைமுறை தொடங்கும்போதெல்லாம் இதனைச் செய்து ஏட்டில் பதிவது நல்ல பழக்கமாகும். கத்தியைத் தீட்டாமல் மரத்தருகே செல்வோர் நம்மில் யாரும் இல்லையன்றோ?

திரையின் கண்ணாடி முகத்தை மென்மையான துணியால் துடைத்துத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். பால் துளியும், மரத்தூளும், எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் கதிர் மங்கும். அவற்றை அகற்றக் கத்தியையோ மண்ணெண்ணெயையோ பயன்படுத்தினால் முகம் கீறலுற்றுக் கெடும். தூணில் இடிபட்டாலோ, தாங்கி வளைந்தாலோ, இயந்திரத்தின் அச்சு மாற்றப்பட்டாலோ, மீண்டும் நேர்செய்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இயந்திரத்தைத் துப்புரவு செய்யும்போதும் சிக்கிய பொருளை எடுக்கும்போதும் ஒளித்திரை இருக்கின்றதே என்று இருந்துவிடலாகாது. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்ட பின்னரே உள்ளே கையிட வேண்டும்.

சட்டம் என்ன கூறுகின்றது?

நெடுங்காலம் நம் நாட்டில் இயந்திரப் பாதுகாப்பை 1967 ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஒழுங்குபடுத்தி வந்தது. அச்சட்டம் 2024 ஜூன் முதல் நாளில் நீக்கப்பட்டது. அதே நாளில், 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திற்கு 2022 இல் இயற்றப்பட்ட திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. தோட்டமாயினும் தொழிற்சாலையாயினும் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று இச்சட்டம் விதிக்கின்றது. நாற்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்து தரவேண்டிய ஏற்பாடுகளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடித்தலும் கூடாது.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே குலைத்தல் குற்றமாகும். குறுக்குக் கம்பி இணைப்பவர் தம் தோழரின் கையை மட்டுமன்றிச் சட்டத்தையும் மீறுகின்றார். உரிமையும் உண்டு. உடனடியான ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதனை அகற்ற நடவடிக்கை எடுக்காதபோது, தொழிலாளி அவ்விடத்தினின்றும் விலகிக்கொள்ளலாம் என்று திருத்தப்பட்ட சட்டம் கூறுகின்றது. பாதுகாப்பைப் பற்றி முறையிட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குதலையும் சட்டம் தடுக்கின்றது. குறைகளை முதலில் மேற்பார்வையாளரிடமும் குழுவிடமும் கூற வேண்டும். பயனில்லையேல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் ஜொகூர் மாநில அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோவின் வாயிலாக மருத்துவ வசதியும் ஊன உதவித்தொகையும் பெற வழியுண்டு. விபத்தை 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்தல் வேண்டும். 2019 ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆனால் உதவித்தொகை குடும்பத்திற்குச் சோறு போடுமேயன்றி, விரலை மீட்டுத் தராது.

நாம் செய்ய வேண்டியது

தொழிற்சாலைக்குச் செல்லும் பிள்ளைகள் வீடு திரும்பியதும், "இன்று எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்கும் பெற்றோர் உளர். அதனுடன் வேறு சில கேள்விகளையும் கேட்போமாக. உன் இயந்திரத்தின் முன் காவல் உண்டா? அது ஒளித்திரையாயின் இன்று காலை யார் சோதித்தார்? சோதனைக் கோல் எங்கே இருக்கின்றது? யாராவது அதனை அகற்றச் சொன்னார்களா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை வராவிடில், அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கின்றது என்று கொள்ளலாம். படித்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது என்று தயங்க வேண்டியதில்லை. காயம் படாமல் மரம் வெட்டத் தெரிந்தவருக்கு, காயம் படாமல் வேலை செய்வதைப் பற்றிப் பேசும் தகுதி முழுமையாக உண்டு.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உழைப்பாளிக்குச் சுவர் அவனுடைய உடலே. அதனைக் காக்கும் ஒளித்திரை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததனாலேயே அது நேராக நிற்கின்றதா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையதாகின்றது. காலையில் முழுக் கைகளுடன் வேலைக்குச் சென்றவர் மாலையிலும் முழுக் கைகளுடன் வீடு திரும்புவதற்கு, அந்தச் சில நிமிடச் சோதனையைத் தவறாது செய்வோமாக.